அறுபத்தொன்றாம் ஏடு

6 மார்ச் 2025, வியாழன்

இன்றைய பிழை: கேமராவின் மூடியைச் சாணார்பட்டியில் பொம்மையன் ஐயா வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் திண்டுக்கல் வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன். லென்ஸைக் கைக்குட்டையால் மூடிக் கட்டிக்கொண்டு அறைக்கு வந்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு முறை பார்த்தேன். கீறல் இல்லை.

நாட்குறிப்பை அன்றைய பிழையோடு தொடங்க வேண்டும் என்பது மாலை வகுப்பில் ஜமால் முகமது சார் வைத்த விதி. அது சுவடி படிக்கக் கற்றுத்தரும் சான்றிதழ் வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி, ஆறு முதல் எட்டு மணி வரை, பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தின் மாடியில் நடக்கிறது. மற்றவர்கள் பத்து நாளில் எழுதுவதை விட்டுவிட்டார்கள். நான் பதினாறு மாதங்களாக எழுதுகிறேன். இது மூன்றாவது நோட்டு.

மூன்று நோட்டுகளையும் இன்று மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஒரு விஷயம் பல பக்கங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பின்னால் யாராவது கேட்டால் தேடுவது கஷ்டம். எனவே ஒரே இடத்தில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பகலில் நான் ஒரு திட்டத்தில் கள உதவியாளன். ஜெர்மனியில் ஒரு நூலகமும் இங்கே ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் திட்டம். வீடுகளில் இருக்கும் ஓலைச்சுவடிகளை ரசீது கொடுத்து ஒரு வாரத்துக்கு வாங்கி வருவோம். புகைப்படம் எடுப்போம், பட்டியலிடுவோம், படித்து எழுதுவோம், திருப்பிக் கொடுப்போம். எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தான் முதல் வாக்கியமாகச் சொல்வேன்.

பொம்மையன் ஐயாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அதோடு தீக்காயத்துக்கும் சேற்றுப்புண்ணுக்கும் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். குடும்பத்தில் வந்தது. அவர் வீட்டுச் சுவடி அறுபத்தொன்றாம் ஏட்டில் தொடங்குகிறது. முதல் அறுபது ஏடுகள் ஜெர்மனியில் இருக்கின்றன. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு அவருடைய முன்னோர் ஒருவர் ஒரு பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறார். இரவல் கொடுத்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். நன்கொடை என்று அந்த நூலகத்தின் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பட்டியலில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, இருநூறு எழுத்து வரை கொள்ளும். அதில் இரண்டையும் எழுதினேன்.

அறுபதாம் ஏட்டின் கடைசியில் ஒரு மருந்து தொடங்குகிறது. கை கால் மூட்டுகள் முடங்கும் வாதத்துக்கானது. நோயின் பெயரும் மருந்தில் சேரும் சரக்குகளின் பெயரும் அந்த ஏட்டில் இருக்கின்றன. செய்முறை, அளவு, பத்தியம் எல்லாம் அறுபத்தொன்றில். ஆக, இந்த வீட்டில் இருந்தது எந்த நோய்க்கு என்று தெரியாத ஒரு செய்முறை. ஜெர்மனியில் இருந்தது எப்படிச் செய்வதென்று தெரியாத ஒரு மருந்து. இரண்டையும் சேர்ப்பதுதான் எங்கள் திட்டத்தின் முதல் பெரிய வேலை.

ஜெர்மனியில் இதற்குப் பொறுப்பு மார்லேன் என்ற ஆய்வாளர். பன்னிரண்டு வருடங்கள் தமிழ் படித்தவர். "மதிப்பிற்குரிய ஸ்டான்லி அவர்களே, அறுபத்தொன்றைத் தாங்கள் என்று அனுப்புவீர்கள்? நான் உறக்கமின்றி இருக்கிறேன்" என்று எனக்கு எழுதியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் பட்டியலைக் கணினியில் ஏற்றும் தேவதர்ஷினி அதை எட்டிப் பார்த்து, "இந்தம்மா என்ன, கல்யாணப் பத்திரிகை மாதிரியே பேசுது" என்றாள்.

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. அன்றைய பிழையாக முதல் நோட்டில் இருப்பது இது: 'புகைப்படம் எடுக்கும் முன்பே ஏடு 61க்கு எண்ணெய் தடவினேன்.' விதி நேர்மாறானது. முதலில் புகைப்படம், அப்புறம்தான் தொடுவது. எனக்கு விதி தெரியும். 61ஆம் ஏடும் 62ஆம் ஏடும் ஒட்டிக்கொண்டிருந்தன. எலுமிச்சைப்புல் எண்ணெய் தொட்டுப் பிரித்துவிட்டால் படம் தெளிவாக வரும் என்று நினைத்தேன். பிரிந்தது. கூடவே உதிர்ந்தது. பூச்சி உள்ளே தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைத்த ஏடு அது. எட்டு வரிகளில் ஒன்றரை வரி படித்திருந்தேன். பதினொரு துண்டுகளும் கொஞ்சம் தூளும் மேசையில் கிடந்தன. துண்டுகளை ஒரு பென்சில் டப்பாவில் போட்டேன்.

பட்டியலில் 'சிதைந்தது' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு டிக் போட்டால் போதும். ஆனால் எப்போது சிதைந்தது என்று கேட்பார்கள். நூற்றைம்பது வருடம் ஒரு வீட்டு அலமாரியில் இருந்த ஏடு எங்களிடம் வந்த நான்காம் நாள் உடைந்தது என்று ஆகும். இனி யார் சுவடியை நம்பித் தருவார்கள்? இரண்டு நாடுகள் சேர்ந்து செய்யும் வேலை என் ஒரு விரலால் கெடக்கூடாது என்று நினைத்தேன். இதை இப்போது படித்தாலும் நியாயமாகத்தான் இருக்கிறது.

சுவடியின் கடைசியில் காப்புக்காக மூன்று வெற்று ஏடுகள் கட்டியிருந்தார்கள். அதே வயது, அதே அளவு, அதே நிறம். ஒன்றை உருவி எடுத்தேன். எழுத்தாணியால் எழுதுவது எங்கள் வகுப்பின் செய்முறைப் பாடம். எனக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு வந்தது.

என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. கற்பனையாக எதையும் எழுதக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதே சுவடியில் உள்ள வேறு நாற்பது மருந்துகளை அட்டவணை போட்டேன். இருபத்தாறு மருந்துகளை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கொடுக்கச் சொல்லியிருந்தது. மண்டலம் என்று எழுதினேன். முப்பத்தொன்று காலை மாலை இரண்டு வேளை. அப்படியே எழுதினேன். அளவையும் அப்படித்தான் எடுத்தேன். இருபத்தெட்டு மருந்துகளுக்கு மீனும் புளியும் ஆகாது. எழுதினேன். எல்லாவற்றிலும் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டேன். சரக்கை முதலில் சுத்தி செய்யச் சொல்லும் மருந்துகள் மூன்றுதான். நாற்பதில் மூன்று. எனவே அதைச் சேர்க்கவில்லை.

சுத்தி என்பது நஞ்சுள்ள சரக்கிலிருந்து நஞ்சை எடுப்பது. அந்த மூன்று மருந்துகளில் மட்டும்தான் நஞ்சுச் சரக்கு இருந்தது. அறுபதாம் ஏட்டின் பட்டியலில் சேராங்கொட்டை இருந்தது, அதுவும் நஞ்சுச் சரக்கு. அட்டவணையில் சரக்குகளுக்கென்று ஒரு பத்தி நான் போட்டிருக்கவில்லை. அது அட்டவணையின் குறை. இப்போது போடுகிறேன்.

அப்புறம் துளை. மார்லேன் அனுப்பிய படத்தில், அறுபதாம் ஏட்டில் எள் அளவுக்கு ஒரு பூச்சித் துளை இருந்தது. பூச்சி அடுத்தடுத்த ஏடுகளை ஒரே பாதையில் துளைத்துக்கொண்டு போகும். இரண்டு பாதிகளும் ஒரே சுவடிதான் என்பதற்கு மார்லேன் அந்தத் துளையைத்தான் சாட்சியாக நம்பியிருந்தார். 62ஆம் ஏட்டிலும் அது இருந்தது. ஊசியைச் சூடாக்கி நடுவிலுள்ள என் ஏட்டில் துளைத்தேன். பூச்சி கொஞ்சம் சாய்வாகப் போயிருந்தது. நானும் சாய்த்தேன். விளக்குக் கரி பூசித் துடைத்துப் புகைப்படம் எடுத்தேன்.

மறுநாளே பதில் வந்தது. "துளை பொருந்துகிறது. நான் அழுதுவிட்டேன். இரண்டு நாடுகளும் ஒரு பூச்சியின் வழியில் சந்தித்துள்ளன." அந்த வாக்கியத்தைப் பிறகு திட்டத்தின் சுவரொட்டியிலும் போட்டார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. தேவதர்ஷினி பட்டியலை ஏற்றும்போது கேட்டாள்: "ஏய், ரசீதுல வெத்து ஏடு மூணுன்னு இருக்கு, நீ ரெண்டுன்னு போட்ருக்க?"

"வாங்கும்போது தப்பா எண்ணிட்டேன்."

"நீயா? தப்பா? ஒன் நோட்டுல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எழுதியிருப்ப. நீ தும்முனாலும் எழுதுவ" என்று சொல்லி ரசீதில் மூன்றை அடித்து இரண்டாக்கினாள்.

நவம்பர் கடைசியில் இரண்டு பாதிகளையும் சேர்த்து அச்சிட்ட புத்தகம் வந்தது. முதல் பிரதியைப் பொம்மையன் ஐயாவிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவடியை அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்திருந்தோம். சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தார்கள். அவர் மனைவி சிவனம்மாள் காபி கொண்டுவந்தார். வலது கை விரல்கள் உள்ளே மடங்கி நீட்ட வராமல் இருந்தன.

"எடது கையில குடுக்குறேன்னு வையாதப்பு. வலது கை என் பேச்சக் கேக்குறதில்ல. இந்த மனுசனாட்டம்."

"கைதான் மொடங்கிருக்கு. நாக்கு மொடங்க மாட்டேங்குது" என்றார் பொம்மையன் ஐயா.

"அதுக்கும் அந்தப் பொஸ்தகத்துல மருந்து இருக்கும். நல்லாத் தேடு."

அவர் தேடிக்கொண்டிருந்தது அறுபதாம் ஏடு அச்சான பக்கத்தை. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நோயின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி மனைவியின் கையைப் பார்த்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார். இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சேராங்கொட்டையச் சும்மா போடக்கூடாது, சுத்தி பண்ணித்தான் போடணும்னு எங்கய்யா சொல்லுவாரு. ஏட்டுல அது எந்த எடத்துல வருது அப்பு?"

"ஏட்டுல இல்லீங்கய்யா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்கய்யா."

புத்தகத்தை மூடினார். "அப்ப வேண்டாம்னுதான் எழுதாம விட்ருக்காக. இந்தச் சேர்மானத்துக்கு வேண்டியிருக்காது. ஏட்டுல உள்ளதக் கூட்டவும் மாட்டோம், கொறைக்கவும் மாட்டோம். எங்க வீட்டுச் சத்தியம் அது."

அப்படி ஒரு சத்தியம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். குறிப்புக் கட்டத்தில் 'குடும்ப வழக்கம்' என்று சேர்த்தேன். நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. ஏட்டில் அது இல்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி மருந்தைத் தொடங்கினார்கள். நாட்குறிப்பில் நானும் நாள் எண்ணி வந்தேன். மார்லேனுக்கும் தெரிவித்தேன். ஒரு சுவடி மறுபடியும் வாழ்க்கைக்குள் வருவதைப் பார்ப்பது அரிது என்று எழுதியிருந்தார்.

டிசம்பர் 20, இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை. வகுப்பில் பூதக்கண்ணாடி வைத்துச் சிதைந்த ஏடு படிக்கும் பயிற்சி. சார் எல்லோருக்கும் மாதிரித் துண்டுகள் கொடுத்தார். எனக்குப் போதவில்லை. ஜூன் முதல் என் பையிலேயே கிடந்த பென்சில் டப்பாவிலிருந்து 61இன் துண்டுகளை எடுத்து அடுக்கினேன். ஆறாம் துண்டில் 'சுத்தி' என்று இருந்தது. ஏழாம் துண்டில் 'செய்யாமல் கொடுத்தால்' என்று இருந்தது. அதற்கு மேல் தூள். "நல்லாப் படிக்கிறியே ஸ்டான்லி, இது எந்தச் சுவடி?" என்று சார் கேட்டார். பழைய துண்டு என்றேன்.

அன்று இரவு நாளைய வேலை என்ற தலைப்பில் 'பொம்மையன் ஐயாவிடம் சொல்ல வேண்டும்' என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். டிசம்பர் 30 வரை பதினொரு நாள் எழுதியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்றும் விடவில்லை. அன்றைக்கு எழுத்து மற்ற நாட்களைவிட நன்றாக இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஜனவரி எட்டாம் தேதி இரண்டு நாட்டு ஆய்வாளர்களும் சேரும் இணையவழிக் கருத்தரங்கு இருந்தது. அதில் 61ஆம் ஏடுதான் முக்கியப் பேச்சு. அது முடிந்ததும் சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை என்று கணக்கிட்டேன். மண்டலம் முடிய ஜனவரி 17 ஆகும். எனவே நடுவில் ஒன்பது நாள் அவகாசம் இருந்தது.

டிசம்பர் 31 அன்று சிவனம்மாளைத் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாயெல்லாம் புண், முகம் வீங்கியிருந்தது. சிறுநீர் வரவில்லை. நான் போயிருந்தேன். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் பொம்மையன் ஐயா. வீட்டு ஏட்டைப் போலீஸ் கேஸ் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். டாக்டர் என்னையும் பார்த்தார். நான் உறவினன் இல்லை என்றேன். ஒருவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது குறுக்கே பேசுவது முறையல்ல.

ஜனவரி 3 அன்று சிவனம்மாள் இறந்துவிட்டார். சிறுநீரகச் செயலிழப்பு என்று சான்றிதழில் இருக்கிறது. கருத்தரங்கில் மார்லேன் "சுவடியின் காவலரான அம்மையாருக்கு" ஒரு நிமிடம் மௌனம் கேட்டார். திரையில் பதினெட்டுப் பேர் தலை குனிந்தார்கள். என் மைக் திறந்திருந்தது, மின்விசிறிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அன்றைய பிழையாக அதை எழுதியிருக்கிறேன்.

'சொல்ல வேண்டும்' என்ற வரியை அதற்குப் பிறகு எழுதவில்லை. செய்யாத வேலையைத் திரும்பத் திரும்ப எழுதுவது நோட்டைக் குழப்புகிறது.

பிப்ரவரியில் பொம்மையன் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். தாடி எடுக்காமல் இருந்தார். மஞ்சள் துணியை அவிழ்த்து 61ஆம் ஏட்டை என் கையில் கொடுத்தார்.

"பத்தியத்த மட்டும் ஒருக்கா வாசியப்பு."

வாசித்தேன். மீன் ஆகாது, புளி ஆகாது.

"பத்தொம்பதாம் நாளு, வாய்க்கு ஒண்ணும் ருசிக்கலன்னு சொன்னா. சந்தையிலருந்து கருவாடு வாங்கியாந்து நான்தான் சுட்டுக் குடுத்தேன். ஒரே ஒரு துண்டு. அதுனாலயா இருக்குமா?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏட்டைப் பார்த்தேன்.

"மீன் ஆகாதுன்னு போட்ருக்குங்கய்யா."

"கருவாடும் மீனுதான."

"ஆமாங்கய்யா."

தலையை ஆட்டினார். "நான்தான் கொன்னுட்டேன் அப்பு. ஏடு சரியாத்தான் சொல்லிருக்கு" என்றார். பிறகு ஏட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தத் தடையை எழுதும்போது எனக்குக் கருவாடு நினைவில் இல்லை. நாற்பதில் இருபத்தெட்டு என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. காரணம் தெரியாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

இன்று போனது வேறு விஷயமாக. அவர் தோப்பில் வேலை செய்யும் பேச்சாயி அக்காவுக்கும் அதே வாதம். வயது நாற்பத்தைந்து இருக்கும். இரண்டு கையும் மடங்கிவிட்டது. மருந்தை இந்த முறை ஒரு குறையுமில்லாமல் செய்து கொடுத்து ஏட்டின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று பொம்மையன் ஐயா முடிவு செய்திருக்கிறார். திட்டத்தின் நிறைவு விழாவுக்கு, ஏட்டைப் பார்த்து மருந்து செய்வதை வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று மார்லேனும் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே நாளில், நாளைக்கு, அமைந்தது. இடம், வெளிச்சம் பார்ப்பதற்காகப் போனேன். அங்கேதான் மூடியை விட்டேன்.

பேச்சாயி அக்கா கூச்சமில்லாமல் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார். "கருவாடு மட்டுந்தான ஆகாது? கறி திம்பேன்ல?"

"கறியும் வேணாம்டி, வாய மூடிட்டு ஒரு மண்டலம் இரு" என்றார் ஐயா.

"இருக்கேண்ணே. அடுத்த மாசம் மாங்கா சீசன். இந்தக் கையோட போனா எவன் என்னய வேலைக்குக் கூப்புடுவான்? பொம்பளப்புள்ள ரெண்டு வச்சிருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "கேமராத் தம்பி, நல்லா எடு. பின்னால மாலை போட்டு மாட்டவும் ஆகும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நீ ஒவ்வொரு வரியா வாசி, நான் செய்றேன். இந்த வாட்டி ஒரு எழுத்து பெசகக் கூடாதப்பு" என்றார் பொம்மையன் ஐயா. சேராங்கொட்டையை முறத்தில் போட்டு வைத்திருந்தார்.

அக்டோபரிலிருந்து இரண்டு வருடம் ஜெர்மனியில் படிக்க என் பெயரை மார்லேன் பரிந்துரைத்திருக்கிறார். நான் எதையும் சொல்லாமல் இருப்பதற்கு இது காரணமல்ல. வரிசை விட்டுப்போகக் கூடாது என்பதற்காகக் குறிக்கிறேன். இன்று மதியம் பட்டியலைத் திறந்து குறிப்புக் கட்டத்தில் உண்மையை எழுதிப் பார்த்தேன். இருநூற்று நாற்பத்தொரு எழுத்து வந்தது. சுருக்கினால் பொருள் மாறுகிறது. அழித்துவிட்டேன்.

வரிசையாக எழுதிய பிறகு தெளிவாக இருக்கிறது. அறுபத்தொன்றாம் ஏட்டை எழுதியவன் நான். அதன்படி செய்த மருந்தில் சிவனம்மாள் இறந்தார். பத்து நாளுக்கு மேல் தெரிந்தே இருந்தேன். எல்லாவற்றுக்கும் மூலமான பிழை, ஜூன் 11 அன்று புகைப்படம் எடுக்கும் முன் எண்ணெய் தடவியது. அதை அன்றே எழுதிவிட்டேன். அந்தப் பிழையை அதற்குப் பிறகு ஒரு முறைகூட நான் செய்ததில்லை.

நாளைய வேலை: சாணார்பட்டிக்குக் காலை 6.40 நத்தம் பஸ். இரண்டு பேட்டரிகளையும் இப்போதே சார்ஜில் போட வேண்டும். மாலை வகுப்புக்கு வர முடியாது என்று சாருக்குச் சொல்ல வேண்டும். ஜன்னலிலிருந்து மூடியை எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சாயி அக்காவிடம் வீடியோவுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பேனா பிடிக்க முடியாது, எனவே மைப்பெட்டி. எட்டு வரிகளையும் நிறுத்தி வாசிக்க வேண்டும். ஏட்டைத் தொடும் முன், முதலில் புகைப்படம்.